விளையாட்டுக்கும் சந்தை நாள் உண்டு

போன மாதம் அண்ணன் மகள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். பகலில் வேலை, ராத்திரியில் கம்ப்யூட்டர் கேம் என்று ஒன்றரை வருடமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்து முடித்திருக்கிறாள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, ஆள் உட்கார்ந்ததும் வரிசை தப்பாமல் பரிமாற வேண்டும். ரசம் கேட்பவருக்கு மோரை ஊற்றினால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கும். விளையாட்டு அவ்வளவுதான்.

"சித்தப்பா, கேம் முடிஞ்சிருச்சுங்க. நாளைக்கே ஸ்டீம்ங்கற இணையக் கடையில போட்டுரலாம்னு பார்த்தா, அதுக்கு முப்பது நாளாமா, இதுக்கு ரெண்டு வாரமாமா. முடிஞ்ச சரக்கை எதுக்குங்க பூட்டி வெச்சுட்டு உக்காரோணும்?"

என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. 2006-லிருந்து 2011 வரை கோபிச்செட்டிபாளையத்தில் ஏழு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். கேம் செய்யத் தெரியாது. ஆனால் கேம்கள் எப்போது வரும், ஏன் அப்போது வரும் என்று ஐந்து வருடம் பார்த்துக்கொண்டே இருந்தவன். அவளுக்கு போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி கூடும், செவ்வாயில் முடியும். கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் புதன், வியாழன். தறியிலிருந்து லுங்கி சனிக்கிழமையே இறங்கிவிட்டாலும் திங்கள் ராத்திரி வரைக்கும் அது வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். நெய்தவனுக்குச் சனிக்கிழமை முடிந்த சரக்கு, வாங்குகிறவனுக்குத் திங்கட்கிழமைதான் பிறக்கிறது. கேமிலும் இந்த இரண்டு தேதிகள் உண்டு. செய்து முடித்த தேதி செய்தவனுக்கு மட்டும் தெரியும். கடையில் தெரியும் தேதியைத்தான் வெளியீட்டுத் தேதி என்கிறோம். பல கேம்களின் இந்தத் தேதிகளைக் கடைக்காரன் வரிசையாக எழுதி வைத்தால் அது வெளியீட்டு அட்டவணை.

இங்கே கடைக்காரன் யார்? அதற்கு அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

துப்பாக்கி, கார் பந்தயம் என்று பெரிய பெட்டியில் வரும் விளையாட்டுகள் ஒரு ரகம். காபி ஆறுவதற்குள் கற்றுக்கொண்டு, அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய்விடக் கூடிய சின்ன விளையாட்டுகள் இன்னொரு ரகம். இவற்றைத்தான் கேஷுவல் கேம் என்றார்கள். ஒரே நிறக் கல் மூன்றைச் சேர்த்தால் மறைந்துபோகும் பிஜுவெல்ட், தவளை வாயிலிருந்து உருண்டை பறக்கும் சூமா, ஓட்டலில் ஓடி ஓடிப் பரிமாறும் டைனர் டேஷ், குப்பை போலக் குவிந்த படத்தில் பொருள் தேடும் மிஸ்ட்ரி கேஸ் ஃபைல்ஸ். பிஜுவெல்ட் வந்தது 2001-இல், டைனர் டேஷ் 2004-இல், மிஸ்ட்ரி கேஸ் ஃபைல்ஸின் முதல் பாகம் 2005-இல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் 35 வயது தாண்டிய பெண்கள்.

இந்த கேம்களை இணையத்தில் அடுக்கி விற்ற கடைகள்தான் போர்ட்டல்கள். ரியல் ஆர்கேட் 2001-இல் வந்தது. சியாட்டிலில் 2002-இல் பிக் ஃபிஷ் கேம்ஸ் தொடங்கியது. ரிஃப்ளெக்சிவ், ஐவின், கேம்ஹவுஸ், யாகூ, எம்எஸ்என் என்று இன்னும் பல. கேமை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆடலாம். அறுபதாவது நிமிடம் முடிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும், காசு கேட்கும். 2005 வாக்கில் ஒரு கேம் 19.95 டாலர், அன்றைய கணக்கில் 900 ரூபாயை ஒட்டி.

என் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். அவர்கள் கொடுக்கும் இலவசமும் ஒரு மணி நேரம். யாரோ பேசி வைத்தது போல என்று அப்போது நினைத்ததுண்டு. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வருவார். பொருள் தேடும் கேம் என்றால் அவருக்கு உயிர். முதல் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் தீர்ந்ததும் அடுத்த நாள் இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போவார். அங்கே முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஆனால் எது எங்கே இருக்கிறதென்று ஏற்கெனவே தெரியும் என்பதால் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடுவார். ஏழு கம்ப்யூட்டருக்கு ஏழு நாள். எட்டாவது நாள் "தம்பி, புதுசு ஏதாச்சும் வந்துருக்குதுங்களா?" என்பார். என் வியாபாரமே அந்தக் கேள்வியில்தான் நின்றது.

வந்திருக்கும். ஏனென்றால் பிக் ஃபிஷ் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த வாசகமே தினமும் ஒரு புது கேம் என்பதுதான். வாசகத்தைப் படிக்கும்போது ஏதோ விளம்பரம் போலத் தெரியும். கடை நடத்திப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். தினமும் ஒன்று என்றால் வருடத்துக்கு 365. ஒரு கேம் செய்யப் பல மாதம் ஆகும். ஒரு கம்பெனி தானே செய்து இதைச் சமாளிக்க முடியாது. ரஷ்யாவில் அலாவர், பிளேரிக்ஸ், போலந்தில் ஆர்டிஃபெக்ஸ் முண்டி என்று உலகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழுக்களிடமிருந்து சரக்கு வர வேண்டும். அவர்கள் நினைத்த நேரத்தில் கொண்டுவந்து கொட்டினால் ஒரு நாள் ஐந்து வரும், அடுத்து நான்கு நாள் கடை காலியாக இருக்கும். அதனால் வந்ததை வாங்கி வைத்து, ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்து வெளியே வைக்க ஒரு கணக்கு வேண்டும். மேட்டூர் அணையில் வருகிற தண்ணீர் வேறு, மதகில் விடுகிற தண்ணீர் வேறு அல்லவா, அந்த மாதிரி.

தினமும் வைக்க வேண்டிய கட்டாயம் என்ன என்று கேட்கலாம். காரணம் முதல் பக்கம். கடைக்குள் ஆயிரம் கேம் இருந்தாலும், வந்தவர் கண்ணில் முதலில் படுவது மேலே பெரிய படத்தோடு இருக்கும் ஒன்றுதான். அந்த இடத்தில் இன்று இருக்கும் கேம் நாளை ஒரு படி கீழே இறங்கும், நாளை மறுநாள் இன்னும் ஒரு படி. ஒரு வாரத்தில் மடித்து உள்ளே போய்விடும். ஆக வெளியீட்டுத் தேதி என்று எழுதியிருப்பது, உண்மையில் அந்த முதல் பக்கத்து இடத்துக்கு ஒரு நாள் வாடகைச் சீட்டு. ஒரே நாளில் இரண்டு கேம் வைத்தால் இரண்டும் பாதி வெளிச்சத்தில் நிற்கும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். இலவசமாக இறக்கி ஆடியவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவர் காசு கொடுத்தாலே நல்ல விற்பனை என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொன்ன கணக்கு. மீதி 98 பேரும் டீச்சரம்மா கட்சி. அப்படியென்றால் நூறு பேர் வாங்க வேண்டுமானால் ஐயாயிரம், பத்தாயிரம் பேர் இறக்க வேண்டும். அத்தனை பேர் வந்து போகும் இடம் முதல் பக்கம் ஒன்றுதான். அதிலும் முதல் சில நாட்கள் நன்றாக விற்றால் விற்பனையில் முதல் பத்து பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். பட்டியலில் இருப்பதால் விற்கும், விற்பதால் பட்டியலில் இருக்கும். அதில் ஏறாத கேம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றாம் வாரம் யார் கண்ணிலும் படாது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது. மீன் பண்ணை நடத்தும் ஒரு அருமையான கேம், வந்த நாளில் பக்கத்தில் ஒரு பெரிய தொடரின் புதுப் பாகம் வந்து உட்கார்ந்ததால் அடிபட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். டீச்சரம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் அது பிடித்தது போல.

வாடிக்கையாளர் பக்கம் இன்னொன்று நடந்தது. தினமும் ஒன்று வரும் என்று தெரிந்தால் தினமும் எட்டிப் பார்க்கத் தோன்றும். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிறவர் எதையாவது வாங்கத்தான் போகிறார் என்றில்லை, போவதே பழக்கம். எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேடிக்கையான நேரம் அமைந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு 12 என்றால் நமக்கு மதியம் 1.30, அவர்கள் கோடையில் கடிகாரத்தை நகர்த்தி வைக்கும் மாதங்களில் 12.30. அவர்களுக்கு நாள் மாறும்போது கோபியில் ரசச் சாதம். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது அநேகமாகப் புதுசு வந்திருக்கும். டீச்சரம்மா மதியம் வந்ததன் ரகசியம் அதுதான்.

ஆனால் அதை உடனே இறக்கிவிட முடியாது. 2005-இல் வந்த பிஎஸ்என்எல் டேட்டாஒன் இணைப்பின் வேகம் 256 கேபிபிஎஸ். கிட்டத்தட்ட விநாடிக்கு 32 கிலோபைட். 60 எம்பி கேம் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல். நான் எடுத்திருந்த திட்டத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. ஆகவே மதியம் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இறக்கப் போட்டுவிட்டுப் படுப்பேன். வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இணைய வேகம் கேமின் எடையையும் தீர்மானித்தது. டயல்-அப் காலத்தில் விநாடிக்கு 5 கிலோபைட் வந்தால் பெரிய விஷயம், 10 எம்பி இறங்கவே அரை மணி. அந்தக் காலத்து கேம்கள் அவ்வளவு சின்னதாக இருந்ததற்குக் கலை அழகு காரணமில்லை.

சரி, கேம் முடிந்ததற்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் என்ன நடக்கும்?

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பையர் சாம்பிள் கேட்பான். சாம்பிள் போகும். பட்டன் மாற்று, கலர் கொஞ்சம் மங்கல் என்று திரும்பி வரும். அப்ரூவல் ஆன பிறகுதான் துணி வெட்டுவது. கேமிலும் குழு முதலில் பாதி முடிந்த ஒன்றை போர்ட்டலுக்கு அனுப்பும். போர்ட்டலில் ஆட்கள் ஆடிப் பார்ப்பார்கள். சில சமயம் ஒரு சின்னத் துண்டை வாடிக்கையாளர்களிடமே கொடுத்துக் கருத்து கேட்பார்கள். முதல் கட்டம் கஷ்டமாக இருக்கிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது, வாசிக்க முடியவில்லை என்று திரும்பி வரும். முதல் ஒரு மணி நேரம் எப்படி ஓடுகிறது என்பதில்தான் எல்லாக் கவனமும். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கதை சூடு பிடிக்க வேண்டும், அறுபதில் கதவு சாத்த வேண்டும். அப்படிச் செதுக்குவதற்கே வாரங்கள் போகும்.

பிறகு பூட்டு போடுவது. ஒவ்வொரு போர்ட்டலுக்கும் தன் சொந்தப் பூட்டு உண்டு. அறுபது நிமிடம் எண்ணுவது, காசு கட்டியதும் திறப்பது எல்லாம் அதன் வேலை. ஒரே கேமை ஐந்து கடையில் விற்றால் ஐந்து விதமாகப் பூட்டி, ஐந்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அப்புறம் படங்கள், விளக்கம், விலை, பழைய விண்டோஸில் ஓடுகிறதா என்ற சோதனை. இவ்வளவும் ஆன பிறகுதான் அட்டவணையில் ஒரு கட்டத்தில் பெயர் ஏறும். பட்டியலில் ஏற்கெனவே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தால் நாற்பத்தோராவது ஆளாக நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் ஒரே கேம் ஒரு போர்ட்டலில் இன்று இருக்கும், இன்னொன்றில் மூன்று வாரம் கழித்து வரும். சில சமயம் அது தாமதம் இல்லை, ஒப்பந்தம். எங்கள் கடையில் மட்டும் முதல் இத்தனை நாள் இருக்க வேண்டும், பதிலுக்கு முதல் பக்கத்தில் நல்ல இடம் தருகிறோம் என்பது பேச்சு. போர்ட்டல் தன் சொந்தப் பணத்தில் செய்த கேம் என்றால் வேறு கடைக்கு நீண்ட நாள் போகாமலே இருக்கும். மேக் கம்ப்யூட்டருக்கான வடிவம் பல சமயம் பின்னால்தான் வரும், ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்கள் அதற்கும் பின்னால். ஆக ஒரு கேமுக்கு ஒரு வெளியீட்டுத் தேதி என்று சொல்வதே அரைகுறை. எந்தக் கடையில், எந்தக் கணினிக்கு, எந்த மொழியில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது தேதி.

இதில் 2009 ஒரு திருப்பம். முந்தைய வருடம் ரிஃப்ளெக்சிவ் கம்பெனியை வாங்கிய அமேசான், 2009 தொடக்கத்தில் இந்த ரக கேம்களை 10 டாலருக்குக் கீழே விற்க ஆரம்பித்தது. மற்றவர்களும் இறங்க வேண்டியதாயிற்று. பிக் ஃபிஷில் சாதாரண விலை 9.99, மாதச் சந்தா கட்டும் உறுப்பினருக்கு 6.99 என்று ஆனது. இருபது டாலர் சரக்கு பாதிக்குக் கீழே வந்தால் செய்பவன் என்ன செய்வான்? விசைத்தறிக்காரனைக் கேளுங்கள். இன்னும் வேகமாக நெய்வான், அல்லது கொஞ்சம் ஜரிகை போட்டு விலை கூட்டுவான். இரண்டும் நடந்தது. ஜரிகைக்குப் பெயர் கலெக்டர்ஸ் எடிஷன். அதே கேம், கூடுதலாக ஒரு அத்தியாயம், வழிகாட்டிப் புத்தகம், பாட்டு, படங்கள். விலை 19.99, உறுப்பினருக்கு 13.99. அட்டவணையில் இதற்கென்று ஒரு தந்திரம் உண்டு. ஜரிகை வேட்டி முதலில் வரும். சாதா வேட்டி சில வாரம் கழித்துத்தான். பொறுக்க முடியாதவர்கள் அதிக விலைக்கு வாங்குவார்கள், பொறுத்தவர்கள் பாதி விலைக்கு. தேதியையே விலைப் பட்டியலாக மாற்றிய இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். மாதச் சந்தா கட்டுபவருக்கு மாதம் ஒரு கேமுக்கான உரிமை கிடைக்கும் என்பதால், அவர் இந்த மாதம் எதற்குச் செலவழிப்பது என்று அடுத்து வருவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அட்டவணை தெரிந்துகொள்ள அவருக்குத்தான் அவசரம் அதிகம். டீச்சரம்மாவுக்கு வெளிநாட்டுச் செலவுக்கு ஒத்துக்கொள்ளும் கார்டு இல்லை. அவர் சார்பில் ஒரு தடவை என் கார்டைப் போட்டுப் பார்த்தேன், வங்கி மறுத்துவிட்டது. அதோடு விட்டோம்.

பருவம் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு ஆடி, தீபாவளி, பொங்கல் போல அங்கே அக்டோபர் முடிவில் ஹாலோவீன், நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ். அக்டோபர் பிறந்தால் பாழடைந்த பங்களா, பேய், பூசணிக்காய் என்று அட்டவணை இருட்டும். நவம்பர் பாதியிலேயே பனி விழ ஆரம்பித்துவிடும். கோபியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டீச்சரம்மா பனிமனிதனுக்கு அடியில் சாவி தேடுவார். கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடையில் தொங்கும் பனியன், திருப்பூரை விட்டுச் செப்டம்பர், அக்டோபரிலேயே கப்பலுக்குக் கிளம்பியிருக்கும். பேய் கேமும் அப்படித்தான். அக்டோபரில் வர வேண்டியது வேசகாலத்திலேயே, அதாவது கோடையிலேயே, முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். பருவத்தைத் தவறவிட்ட கேமின் கதி, தீபாவளிக்கு மறுநாள் வந்த பட்டாசு.

தேதி தள்ளிப்போவதும் சகஜம். கடைசிச் சோதனையில் ஒரு பிழை அகப்படும். குறிப்பிட்ட ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் திரை கறுத்துப் போகும். பெரிய கேம் ஒன்று அதே நாளுக்கு வருகிறதென்று தெரிந்து சின்னது ஒதுங்கும். இதனாலேயே போர்ட்டல்கள் ரொம்ப முன்கூட்டித் தேதி சொல்வதில்லை. ஒரு தொடரின் அடுத்த பாகம் இந்த மாதம் என்று ஒரு கடையில் போட்டிருந்ததை நம்பி, சென்டர் கதவில் நானே சாக்பீஸால் எழுதி வைத்தேன். வரவில்லை. மூன்று வாரம் எழுத்து அப்படியே இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் "எப்பங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் நனைந்த துணியால் துடைத்தேன். துடைத்த மறுநாள் வந்தது. அதற்குப் பிறகு கதவில் எதுவும் எழுதியதில்லை.

தெரியாத தேதியை ஆடுபவர்கள் ஊகிக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு கடையில் சோதனைத் துண்டு வந்தால் முழு கேம் சில மாதத்தில் என்று வைத்துக்கொள்வது, கலெக்டர்ஸ் எடிஷன் வந்த நாளிலிருந்து வாரம் எண்ணுவது, ரஷ்ய மொழியில் முதலில் வந்துவிட்டதா என்று பார்ப்பது. வானிலை அறிக்கை மாதிரி, பாதி பலிக்கும். நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கம் கேம் பெயர், ஒரு பக்கம் தேதி, ஓரத்தில் எத்தனை எம்பி.

இனி அண்ணன் மகளின் கேள்விக்கு வருவோம். பழைய போர்ட்டல்களின் பொற்காலம் போய்விட்டது. ஆட்கள் போனுக்கு மாறினார்கள். சூமா செய்த பாப்கேப் 2011-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் போனது. பிக் ஃபிஷை 2014-இல் சர்ச்சில் டவுன்ஸ் வாங்கியது, 2018-இல் அரிஸ்டோகிராட் வாங்கியது. முதலாவது குதிரைப் பந்தயக் கம்பெனி, இரண்டாவது சூதாட்ட இயந்திரக் கம்பெனி. கம்ப்யூட்டர் கேம் என்றால் இன்றைக்குப் பெரிய கடை ஸ்டீம்.

ஸ்டீமில் நூறு டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் கடை போடலாம், 2017-லிருந்து அந்த ஏற்பாடு. இங்கே யாரும் தினமும் ஒன்று என்று எடுத்து வைப்பதில்லை. 2024-இல் மட்டும் அங்கே 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. ஒரு நாளைக்கு ஐம்பதுக்குக் குறையாது. மதகே இல்லாத அணை. அந்தக் காலத்தில் போர்ட்டல்காரன் நம்மைக் காக்க வைத்தான் என்று திட்டினார்கள், காக்க வைத்ததற்குப் பதிலாக ஒரு நாள் வெளிச்சமாவது கொடுத்தான். இங்கே காக்க வைப்பதும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அட்டவணை போடும் வேலை செய்தவன் தலையிலேயே வந்து விழுந்துவிட்டது.

அவள் எரிச்சல்பட்ட விதிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் கொஞ்சம் புரியும். பணம் கட்டியதிலிருந்து முப்பது நாள் ஆகாமல் வெளியிட முடியாது. யார் என்று சரிபார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும். விரைவில் வருகிறது என்று சொல்லும் பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது கடையில் தொங்க வேண்டும். கேமும் பக்கமும் சோதனைக்குப் போய் வரச் சில வேலை நாட்கள். தேதி நெருங்கி இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் அதை நாமாக மாற்ற முடியாது, கடைக்காரனிடம் கேட்க வேண்டும். போனுக்கு என்று போனாலும் இதே கதைதான். கூகுள் பிளேயில் புதிதாகத் தனியாளாகக் கணக்கு தொடங்கியவர், 12 பேரிடம் கொடுத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே எல்லோருக்கும் திறக்க விண்ணப்பிக்கலாம்.

இரண்டு வாரம் என்பது குறைந்தபட்ச விதி. அதுவே போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்தப் பக்கம் தொங்கும் நாளெல்லாம் போகிறவர் வருகிறவர் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வெளிவரும் நாளில் அத்தனை பேருக்கும் கடையே மின்னஞ்சல் அனுப்பும். பழைய போர்ட்டலில் முதல் பக்கம் செய்த வேலையை இன்றைக்குச் செய்வது இந்தப் பட்டியல். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பத்திரிகை கொடுத்தால் பந்தியில் யார் உட்காருவார்கள்? மூன்று நான்கு மாதமாவது பக்கம் தொங்கட்டும் என்றேன்.

"பந்தி கேம் செஞ்சவளுக்கே பத்திரிகை கதையாங்க" என்று சிரித்தாள். பிறகு ஒன்று கேட்டாள், அதுதான் சரியான கேள்வி. "அப்ப எந்தத் தேதிங்க நல்லது?"

எது ஆகாது என்று சொல்வது சுலபம். கோடை விற்பனை, குளிர்கால விற்பனை என்று ஸ்டீமில் பெரிய தள்ளுபடிகள் உண்டு. ஒன்று ஜூன் கடைசியை ஒட்டி, மற்றது டிசம்பர் பின்பாதியில். ஊரே பழைய நல்ல கேம்களைக் கால் விலைக்கு அள்ளும்போது புதுசைக் கொண்டுபோய் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடி நடக்கும்போது எதிர்ச் சாரியில் புதுக்கடை திறந்த மாதிரி. வெளியிடும்போது நாமே ஒரு சின்னத் தள்ளுபடி கொடுக்கலாம். கொடுத்தால் அது முடிந்து முப்பது நாள் வரை வேறு தள்ளுபடி வைக்க முடியாது என்பதால், பெரிய விற்பனை ஒன்று அதற்குள் வந்தால் அதில் நாம் நிற்க முடியாமல் போகும். இதையும் நாள்காட்டியில் குறிக்க வேண்டும். அந்த இலவச ஒரு மணி நேரம் ஸ்டீமில் இல்லை. ஆனால் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆக டீச்சரம்மாவின் கணக்கு அறுபது நிமிடத்திலிருந்து நூற்றிருபது நிமிடமாக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமாக இருந்தால் அவர் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு மொய்ப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவள் கேம் முழுக்க ஆட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஐந்து மணி நேரம் என்றாள். தப்பித்தாள்.

அப்புறம் நாள்காட்டியை இருவரும் போனிலேயே புரட்டினோம். மார்கழியில் கல்யாணம் இல்லை, டிசம்பர் கடைசியில் குளிர்கால விற்பனையும் ஓடும், இரண்டு காரணத்துக்கும் அது கழிந்தது. ஜனவரி முதல் வாரத்துக்குள் விற்பனைக் கூட்டம் கலைந்துவிடும். தை பிறந்தால் நம்மூரில் முகூர்த்தம் ஆரம்பம். வெளியூர்க்காரனுக்கு முகூர்த்தம் தெரியாவிட்டாலும் அன்றைக்குக் கடையில் நெரிசல் குறைவாக இருப்பது அவனுக்கும் நல்லது. மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டோம். எந்தக் கிழமை என்று கேட்டாள். செவ்வாயோ புதனோ வை, வெள்ளிக்கிழமை வைத்து ஏதாவது பழுதானால் சனி, ஞாயிறில் உனக்கு உதவ ஆள் கிடைக்காது என்றேன்.

"செவ்வாய்க்கிழமையே இருக்கட்டுங்க, ஈரோட்டுச் சந்தை நாளு" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்குவதில் உடன்பாடில்லை. வீட்டில் அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. புதனுக்கு மாறினாலும் மாறும். கடையில் பக்கம் ஏறிவிட்டது, அதில் தேதி இருக்கும் இடத்தில் இப்போதைக்கு ஜனவரி என்று மட்டும் போட்டிருக்கிறாள்.